வெட்டிய வரம்புக்குக் காப்புறுதி உண்டா?

போன செவ்வாய்க்கிழமை குருக்கள்மடத்துத் துறையில் பாதைக்காகக் காத்து நின்றேன். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். மோட்டார் சைக்கிளோடு ஏறி நின்றால் அக்கரையில், அம்பிளாந்துறையில் இறக்கிவிடும்.

பக்கத்தில் நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கிட்ட வந்துவிட்டார்.

"நீங்கதானே கிழமைக்குக் கிழமை பேப்பர்ல எழுதுற ஆள்?"

ஒப்புக்கொண்டேன். இந்தக் கேள்விக்குப் பிறகு பாராட்டு வரலாம், ஏச்சும் வரலாம். இரண்டுக்கும் முகத்தைத் தயாராக வைத்திருப்பது என் வழக்கம்.

"நுளம்பப் பத்தி எழுதுறீங்க. கலியாண வீட்டுச் சாப்பாட்டப் பத்தி எழுதுறீங்க. இந்தப் பயிர் இன்சூரன்ஸ் எது நல்லம் எண்டு ஒரு நாளைக்காவது எழுதப்படாதா?"

ஏச்சுத்தான்!

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் காக்கா அவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். இந்த வருசம் முதல் தடவையாகப் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொஞ்சம் வயல் குத்தகைக்கு எடுத்திருக்கிறாராம். கையில் வேறு வேறு கொம்பனிகளின் துண்டுப்பிரசுரங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு விவசாயி பச்சை வயலுக்கு நடுவில் நின்று சிரிக்கிறார். சேறு ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை. எந்த ஊர் வயலோ!

பாதை நகரத் தொடங்கியதும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரசாங்கத் திட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளம், வறட்சி, யானை போன்றவற்றுக்கு ஓர் அடிப்படைப் பாதுகாப்பு. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதலாகக் கட்ட வேண்டும். தனியார் கொம்பனிகள் இருக்கின்றன. அவர்களுடைய ஆள் வந்து வயலைப் பார்த்து நட்டத்தை மதிப்பிடுவார். இன்னொரு வகையில் வயலைப் பார்க்கவே மாட்டார்கள், மழையை மட்டும்தான் பார்ப்பார்கள். குறித்த அளவைவிடக் கூடப் பெய்தாலோ குறையப் பெய்தாலோ பணம் வரும்.

"அட, அது நல்லமே!" என்றார் காக்கா.

"நல்லம்தான். ஆனா மழை அளக்கிற கருவி எங்க இரிக்கி எண்டு முதல்ல கேளுங்க. அங்க தூறி, உங்கட வயல்ல கொட்டினா, கணக்கு தூறலுக்குத்தான்."

காக்கா ஒரு துண்டுப்பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"குத்தகை எண்டீங்க. இன்சூரன்ஸ ஆருர பேர்ல போடப்போறீங்க?"

"காணிக்காரர்ர பேர்லதான். பத்திரம் அவருரதானே?"

"அப்ப நட்டம் உங்களுக்கு, நட்டஈடு அவருக்கு. அவர் எங்க இரிக்கார்?"

"டோஹாவில..." காக்காவின் குரல் இறங்கிவிட்டது.

குத்தகையை எழுத்தில் எடுக்கச் சொன்னேன். வெள்ளம் வந்தால் அன்றைக்கே அறிவிக்கச் சொன்னேன். ஃபோனில் படம் எடுத்து வைக்கச் சொன்னேன். ஆள் வந்து பார்ப்பதற்கு முன்னால் வெட்டு மெசினை இறக்கி, மிஞ்சியதை அறுத்துவிடக் கூடாது என்றும் சொன்னேன். வெறும் வயலைப் பார்த்து யார்தான் நட்டம் எழுதுவார்கள்?

"இவ்வளவுந்தானா?"

"இன்னொண்டு இரிக்கி..." என்று தொடங்கினேன். அதற்குள் பாதை கரையைத் தட்டிவிட்டது. பின்னால் நின்ற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். காக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அந்த இன்னொன்றை இங்கே எழுதுகிறேன். காக்கா எப்படியும் வாசிப்பார், வாசித்துவிட்டு ஏசுவார்.

எங்கள் வயல் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருக்கிறது. திருத்தம் – என் மனைவியின் வயல். எங்கள் ஊர்களில் காணி பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும் என்பதால், இதில் என் பதவி மேற்பார்வையாளர். சம்பளம் கிடையாது. ஏச்சு உண்டு.

ஒரே வாய்க்காலை நம்பி ஒன்றாகக் கிடக்கும் வயல் பரப்பை வட்டை என்போம். எங்கள் வட்டை வாவியை நோக்கிச் சரிந்து போகும். அந்தச் சரிவின் கடைசியில், வாவியை ஒட்டிக் கிடக்கும் பள்ளக்காணி இரண்டு ஏக்கர். அது யோகேஸ்வரியுடையது. தாய் கொடுத்த சீதனக் காணி. கணவர் இறந்த பிறகு அவரே செய்கிறார். ஐம்பதை நெருங்குகிற வயது. அந்த இரண்டு ஏக்கர்தான் வருசம் முழுவதற்கும் வீட்டுச் சோறு, அடுத்த போகத்துக்கு விதைநெல். அதைவிட்டால் பால் கறக்கும் மாடுகள் இரண்டு. வேறு ஒன்றும் இல்லை.

வேறு ஒன்றும் இல்லை என்றா சொன்னேன்? வாய் இருக்கிறது. அதையும் சொத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யோகேஸ்வரியின் வரம்பை நீங்கள் பார்க்க வேண்டும். பள்ளக்காணி என்பதால் மேலே உள்ள வயல்களின் தண்ணீர் எல்லாம் தன் தலையில் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு போகமும் உழவு முடிந்ததும் வரம்பைச் செதுக்கி, புதிதாகச் சேறு அப்பி, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்குவார். நண்டுப் பொந்து ஒன்று கண்ணில் பட்டால் போதும், அதை அடைக்காமல் சாப்பிடப் போகமாட்டார். அந்த வரம்பில் சைக்கிள் ஓட்டலாம். ஓட்டினால் ஏச்சு விழும், அது வேறு கதை.

வட்டையில் ஒருவருடைய வரம்பு உடைந்துவிட்டால் அது பெரிய மானக்கேடு. ஆள் சோம்பேறி என்று அர்த்தம். போகம் முழுவதும் பகிடிதான். பக்கத்து வயல் கிருபைக்கு ஒருமுறை அப்படி நடந்துவிட்டது. கிருபை முப்பது வயதுக்காரன், நல்ல பிள்ளை, கொஞ்சம் நித்திரைப் பிரியன். அன்றிலிருந்து யோகேஸ்வரி அவனை எங்கே கண்டாலும் விடமாட்டார். "என்ன தம்பி, வரம்பு இரிக்கா, வாவிக்குப் போயிட்டா?" கோயில் திருவிழாவில், சனத்துக்கு நடுவிலும் கேட்டார். அவனுடைய பெண்சாதிக்குப் பக்கத்தில் வைத்தே கேட்டார்.

இந்த விசயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தேவைப்படும்.

கடந்த பெரும்போகத்தில் மழை பிடித்தது. பயிர் குடலைப் பருவம் – கதிர் வெளியே தலை காட்டாமல் தாளுக்குள் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் பயிர் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கினால் பிறகு வைக்கோல்தான் மிஞ்சும். மழை விடவில்லை. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல்மேடு இன்னும் வெட்டப்படவில்லை, அதனால் வாவியும் தளம்பிக்கொண்டு நின்றது. மேலிருந்து வந்த தண்ணீர் வட்டைக்குள் ஏறிக்கொண்டே போனது. என் மனைவியின் வயலில் பயிரின் நுனி மட்டும் தெரிந்தது.

யோகேஸ்வரியின் வயல் மட்டும் தப்பி நின்றது!

எல்லாவற்றிலும் பள்ளமான வயல்தான். ஆனால் அந்த வரம்பு அசையவில்லை. வட்டைத் தண்ணீர் முழுவதும் அதில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவர் வயலைக் காத்த வரம்பு எங்கள் வயல்களுக்கு அணைக்கட்டாகிவிட்டது. அதைத் திறந்தால் தண்ணீர் அவர் வயலில் இறங்கி, அங்கிருந்து மெல்ல வாவிக்குப் போகும். எங்கள் பயிர் மூச்சுவிடும். அவர் பயிர் மூழ்கும்.

வட்டை விதானை தங்கராசா அண்ணன் எல்லோரையும் அங்கே கூப்பிட்டார். வட்டையின் நீர், வேலி, மாடு, சண்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர் அவர். நிதானமான மனிதர். குடையைப் பிடித்தபடி வரம்பில் நின்றார். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம்.

எங்கள் வட்டையில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் வரம்பில் யாரும் மண்வெட்டி போடக்கூடாது, விதானைகூட. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் வெட்டைக் காணிக்காரர் தன் கையால் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்கலாம். இந்தச் சட்டத்தை மீறியதால் வெட்டுக்குத்து வரை போன வட்டைகளும் உண்டு.

"என்ட வேளாண்மைய என்ட கையாலயே சாகடிக்கச் சொல்றீங்க, என்ன?" என்றார் யோகேஸ்வரி.

"சொல்லல்ல புள்ள. கேக்கிறம்," என்றார் விதானை.

யோகேஸ்வரி திரும்பித் தன் வயலைப் பார்த்தார். பச்சையாக, நிமிர்ந்து நின்றது. எதைச் சொல்வது? எங்களுக்காக அழிந்துபோ என்று எந்த வாயால் கேட்பது?

"அறுவடைக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை. எல்லாரும் தரோணும். என்ட சோத்துக்கும் விதைக்கும் காணோணும்."

எல்லோரும் ஓம் என்றோம். உரத்த குரலில் சொன்னோம். அந்த நேரத்தில் அவர் ஏக்கருக்கு இரண்டு மூட்டை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்போம்.

"மழைக்குள்ள சொல்ற சொல்ல வெயிலுக்குள்ள மறந்திராதீங்க," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

முதல் வெட்டைப் போட்டபோது அவர் அழுதார். மழையில் தெரியாது என்று நினைத்திருக்கலாம். தெரிந்தது.

அந்த வரம்பை வெட்டி முடிக்க நாங்கள் பட்ட பாடு! கிருபைதான் அதிகம் வெட்டினான். அவ்வளவு இறுக்கம். தண்ணீர் திறந்துகொண்டதும் பெரிய சத்தத்தோடு இறங்கியது. பின்னேரம் எங்கள் வயல்களில் பயிர் தலை தூக்கிவிட்டது. யோகேஸ்வரியின் வயல் வாவியோடு சேர்ந்துவிட்டது. எது வயல், எது வாவி என்று தெரியாமல், நீர்க்காகங்கள் வந்து இறங்கின.

மழை விட்டது. முகத்துவாரம் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தபோது அந்த இரண்டு ஏக்கரில் அழுகல் நாற்றம் மட்டும்தான் இருந்தது.

யோகேஸ்வரி காப்புறுதி எடுத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. எல்லோருக்கும் பெரிய நிம்மதி. சரி, காசு கிடைக்கும்! மனச்சாட்சிக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

ஆனால் விதானைக்கு விசயம் தெரியும். வெள்ளத்தால் அழிந்தால் காசு. மனிதர் வெட்டி அழிந்தால் இல்லை. காப்புறுதி உத்தியோகத்தர் வருகிற அன்று காலையிலேயே எல்லோரையும் பிடித்துவிட்டார்.

"வரம்பு தானா உடைஞ்சது. அவ்வளவுதான் கதை. விளங்கிச்சா?"

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். உண்மையைப் பற்றி இந்தப் பத்தியில் எத்தனையோ தடவை உபதேசம் செய்தவன் நான். அன்றைக்குத் தலை தானாக ஆடியது. இப்போது கேட்டாலும் அதற்காக நான் வெட்கப்படமாட்டேன்.

"நான் ஒண்டும் கதைக்கமாட்டன். நீங்களே கதைங்க," என்று யோகேஸ்வரி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

உத்தியோகத்தர் றிஸ்வான், ஏறாவூர்ப் பையன். காற்சட்டையை முழங்காலுக்கு மடித்து, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி வந்தார். குளிரூட்டி அறையிலிருந்து வயலை மதிப்பிடும் ஆள் இல்லை. வயல் முழுவதும் நடந்தார். அழுகிய தாளைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தார். முகத்தில் கவலை தெரிந்தது. பிறகு வந்து, வெட்டிய இடத்தில் நின்றார்.

"இது உடைஞ்சதா, வெட்டினதா? நான் கேக்கத்தான் வேணும், குறை நினைக்காதீங்க."

"உடைஞ்சது தம்பி," என்றார் விதானை. கண் சிமிட்டவில்லை.

றிஸ்வான் மிஞ்சியிருந்த வரம்பைக் காலால் மிதித்துப் பார்த்தார். "இவ்வளவு தடிப்பான வரம்பு எப்பிடி உடைஞ்ச?"

விதானை ஒரு கணம் தடுமாறினார். அந்த இடைவெளிக்குள் கிருபை புகுந்துவிட்டான். நல்ல மனதோடுதான் புகுந்தான். யோகேஸ்வரி அக்காவுக்கு எப்படியாவது காசு எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஒரே ஆசை.

"பாக்கத்தான் சேர் தடிப்பு. உள்ளுக்கெல்லாம் நண்டுப் பொந்து. இந்தமுறை அக்கா ஒழுங்கா மண் வைக்கல்ல. அதான், தண்ணி முட்டினோடன கரைஞ்சு போயிட்டு."

திரும்பிப் பார்த்தேன். யோகேஸ்வரி வந்துகொண்டிருந்தார்.

"ஆருர வரம்புல நண்டுப் பொந்து?"

"அக்கா, சும்மா இரிங்க..."

"ஆருர வரம்பு கரைஞ்ச? என்ட வரம்பா? நீ சொல்றியா? உன்ட வரம்ப வாவிக்குள்ள தேடித் திரிஞ்சவன் நீ சொல்றியா?" பிறகு றிஸ்வானின் பக்கம் திரும்பினார். "தம்பி, நல்லாக் கேட்டுக்கங்க. என்ட வரம்பு உடையல்ல. உடையவும் மாட்டா. நான்தான் வெட்டின. முதல் வெட்டு நான் போட்ட. பிறகு இந்தா நிக்கிறாங்களே, இவ்வளவு பேரும் சேந்து வெட்டின. அப்பிடியும் மத்தியானம் வரைக்கும் எடுத்தது!"



கிருபை தலையில் கை வைத்துக்கொண்டான். விதானை வானத்தைப் பார்த்தார். றிஸ்வான் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மெதுவாக மூடினார். அவருடைய முகத்தில்தான் எல்லோரையும்விட வேதனை.

"அக்கா... ஏன்கா சொன்னீங்க?"

அப்போதுதான் யோகேஸ்வரிக்கு விளங்கியது. வரம்பு மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என்ட வாய்!" என்று தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாதா? ஒரு வருசச் சோறு போய்விட்டதே! ஆனால் அதே நேரத்தில், சொல்லாமல் இருக்க முடியவில்லை – அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. பொய் சொல்லக்கூடாது என்பதற்காக அவர் உண்மையைச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. காசு போனாலும் பரவாயில்லை, வரம்பு உடைந்தது என்ற பெயர் தனக்கு வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான்!

நான் றிஸ்வானைப் பிடித்துக்கொண்டேன். பத்தி எழுதுகிறவனுக்கு விவாதம் செய்யாவிட்டால் சோறு செமிக்காது.

"தம்பி, இந்த வட்டையில இன்னும் எத்தின பேர் உங்கட்ட இன்சூரன்ஸ் போட்டிரிக்காங்க? நாங்களும் போட்டிரிக்கம். இவ வெட்டாம விட்டிருந்தா எல்லாருக்கும் நீங்கதானே காசு குடுக்கணும்? இவ எங்கள மட்டுமா காப்பாத்தின? உங்களையும் சேத்துத்தானே?"

றிஸ்வான் மறுக்கவில்லை. "நீங்க சொல்றது சரி சேர். நூத்துக்கு நூறு சரி. ஆனா வராத கிளெய்முக்கு ஆரு காசு குடுப்பாங்க?"

இதற்குப் பதில் வாசகர்களிடம் இருந்தால் எழுதி அனுப்பலாம்.

யோசித்துப் பாருங்கள். வரம்பைக் கவனிக்காமல் விட்டு, அது உடைந்து பயிர் அழிந்தால் பணம். கவனமாகக் கட்டி, ஊருக்காக அதை வெட்டி, பயிர் அழிந்தால் கைவிரிப்பு. இதில் றிஸ்வானைக் குறை சொல்ல முடியுமா? வெட்டியதற்கெல்லாம் பணம் என்றால் நாளைக்கே நாலு பேர் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும். விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. யோகேஸ்வரிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயமும் ஒரே வரம்பில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. அதை வெட்டித் திறக்கத்தான் ஒருவரும் இல்லை.

கொம்பனி ஒவ்வொரு வயலையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இவருடைய இரண்டு ஏக்கர், அவருடைய மூன்று ஏக்கர், நட்டம், நட்டமில்லை. தண்ணீருக்கு அந்தக் கணக்குத் தெரியாது. அதற்கு வட்டை முழுவதும் ஒரே பாத்திரம். வட்டையும் தன்னை அப்படித்தான் பார்க்கிறது, மழை பெய்துகொண்டிருக்கும் வரையாவது.

றிஸ்வான் தன்னால் முடிந்ததைச் செய்தார். நடந்ததை நடந்தபடி எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து மிகவும் மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

இனி மிச்சமிருந்தது எங்கள் சொல்.

அறுவடை வந்தது. வெட்டு மெசின் இறங்கி, நெல் வரம்போரத்தில் மூட்டை மூட்டையாக நின்றது. நல்ல விளைச்சல். யோகேஸ்வரி தன் வெறும் வயலில் மாடுகளை மேயவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் வந்து கேட்கவில்லை. அந்த வாய் அன்றைக்குத்தான் மூடியிருந்தது. எனக்கு அது ஏச்சைவிட அதிகமாகச் சுட்டது.

முதல் மூட்டையைக் கொண்டுபோய் இறக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? கிருபைதான். மூட்டையை இறக்கிவிட்டு, "அக்கா, நண்டுப் பொந்துக் கதைய இனி விட்டிருவம், என்ன?" என்றான். "நெல்லு காய்ஞ்சதா எண்டு பாத்திட்டுச் சொல்றன்," என்றார் யோகேஸ்வரி. ஆனால் சிரித்துவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து, இந்தச் சம்பவத்தை உருக்கமாக ஒரு பத்தி எழுதப் போவதாக மனைவியிடம் சொன்னேன். "முதல்ல நெல்லக் குடுத்திட்டு வாங்க. பிறகு உருகலாம்," என்றார். கொடுத்துவிட்டு வந்தேன். வந்தபோது உருக்கம் பாதி குறைந்திருந்தது. அதனால்தான் இவ்வளவு காலம் எழுதவில்லை.

எல்லோரும் கொடுத்தார்களா?

அதைத்தான் சொல்ல வருகிறேன். அநேகம் பேர் கொடுத்தார்கள். சிலர் கொஞ்சம் ஈர நெல்லாகக் கொடுத்தார்கள். ஒருவர், தன் வயல் மேட்டுப் பக்கம் என்றும், வெட்டாவிட்டாலும் தனக்கு ஒன்றும் நடந்திருக்காது என்றும் விளக்கம் சொன்னார். மழையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபோது அவருக்கு இந்த விளக்கம் தோன்றவில்லை. இன்னொருவர் அடுத்த கிழமை என்றார். அந்தக் கிழமை இன்னும் வரவில்லை. வழியில் எங்கேயோ பாதை கிடைக்காமல் நிற்கிறது போலும்!

யோகேஸ்வரிக்கு விதைநெல் தேறியது. சோற்றுக்கு முழுவதும் போதவில்லை. ஒரு மாட்டை விற்றார். விற்ற அன்று பட்டியில் தனியாக நின்ற மற்ற மாடு இராமுழுதும் கத்தியதாக விதானை சொன்னார்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நான் பாதையில் அக்கரைக்குப் போனதே எங்கள் ஆரம்பக் கூட்டத்துக்குத்தான். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் வயல் செய்கிற கமக்காரரும் உத்தியோகத்தர்களும் ஒன்றாக இருந்து, எப்போது விதைப்பது, எப்போது தண்ணீர், எப்போது மாட்டை அப்புறப்படுத்துவது என்று முடிவெடுக்கிற கூட்டம். வழக்கமாகச் சத்தம் கூட, தேநீர் குறைவு.

காப்புறுதிப் பக்கம் வந்தது. றிஸ்வான்தான் எழுந்து பேசினார். எதற்கெல்லாம் நட்டஈடு உண்டு, எதற்கெல்லாம் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். வாசகங்களை வாசித்துவிட்டு ஓடும் ஆள் இல்லை அவர். முடித்துவிட்டு, "ஆருக்கும் கேள்வி இரிக்கா?" என்றார்.

யோகேஸ்வரி எழும்பினார். முன்வரிசையில் இருந்த கிருபை அப்போதே குனிந்துகொண்டான்.

"வெட்டின வரம்புக்கு இந்தமுறையாவது உண்டா தம்பி?"

"இல்லக்கா," என்றார் றிஸ்வான். கூட்டம் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. நேராக முன்னுக்குப் போனார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து மேசையில் வைத்தார். இந்தப் போகத்துக்கு முதல் ஆளாகப் பதிந்துகொண்டவர் அவர்தான்.

றிஸ்வானால் நம்ப முடியவில்லை. "போனமுறை ஒண்டுமே கிடைக்கல்லையேக்கா. பிறகும் போடுறீங்களா?"

"போடத்தானே வேணும்? வானத்துக்கு நீங்க பொறுப்பு. வரம்புக்கு நான் பொறுப்பு." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வரிசை வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். இரண்டு இடத்தில் அந்தப் பார்வை கொஞ்சம் தங்கியது. "நடுவில இரிக்கிற இவங்கட சொல்லுக்குத்தான் இன்னும் ஒரு கொம்பனியும் இன்சூரன்ஸ் தரல்ல."

இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை.

பாதையில் சொல்லாமல் விட்டது இதைத்தான், காக்கா – கொம்பனியை விசாரிக்கும்போது, பக்கத்து வயல்காரரையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.